தொடக்க நாள் காட்சி

இங்கிலாந்தின் அந்தச் சிறு நகரத்துக்கென்று தனித் தொலைக்காட்சி தொடங்கிய நாளில், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த குகதாசனிடம் மைக்கை நீட்டினார்கள். இனி இந்த ஊரில் ஒரு பூனை செத்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். பத்து மாதம் கழித்து, அந்த நிலையத்தின் வாசலிலேயே ஒரு லொறி அவரை அடித்துக் கொன்றது. செய்தியில் வரவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கும், தினமும் போடும் அந்தத் தொடக்க நாள் காட்சியில் அவர் மீன் வாங்கினார், சிரித்தார்.

செய்தியில் வருமென்று ஒரு கிழமை, ஏழு நாளும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் மனைவி புவனலோஜினி மரண அறிவித்தலை எழுதி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் இந்த நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பேரப்பிள்ளைகளின் பெயர்கள்வரை ஒன்றும் விடவில்லை. உள்ளே ஒரு கணினியும், அதை இயக்கும் ஜெயசீலனும் மட்டுமே மிச்சம்.

"வாசிக்க ஆளில்லை அக்கா. எல்லாரையும் வேலையால நிப்பாட்டிப்போட்டினம். நான் பழசைத்தான் திருப்பித் திருப்பிப் போடுறன்."

"உன்ர வாசல்ல செத்த மனுசனடா! யன்னலால எட்டிப் பாத்திருந்தாலே செய்திதானே? சொல்ல ஏலாட்டி அவரைக் காட்டாதை. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு என்ர வீட்டுக்குள்ள வந்து சிரிக்கிறார்."

"அவரை எடுத்தா அந்த நேரத்துக்குப் போட ஒண்டுமில்லை."

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவள் குனிந்து, சுவரிலிருந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜெயசீலன் தடுக்கவில்லை, படம் நின்றதென்று யாராவது கேட்பார்களோ என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறரை வரைக்கும் அது அடிக்கவில்லை.

"ஒருத்தரும் கேக்கேல்லையோ? அப்ப நான் மட்டுமோ இதைப் பாத்துக்கொண்டிருந்தனான்?"

அவன் தொலைபேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"போடடா அவரை!" என்று கத்தினாள்.