முப்பத்தெட்டு குதிரைக்காரர்கள்

மடிக்கணினியில் ஓடிய பழைய படத்தில் அந்தப் பாறையைப் பார்த்ததும் ட்விலா ஆறிப்போன காபியை நாய் மேலேயே கொட்டிவிட்டாள்.

கதாநாயகனுக்குப் பின்னால், ஒட்டகம் குந்தியிருப்பது போல ஒரு பாறை. அதன் உச்சியில், அந்த ஒரு படத்துக்காகவே கட்டி மறுமாதமே பிரித்துப்போட்ட மரக்கோட்டை.

கௌபாய் படங்கள் எடுக்கப்பட்ட ஊர் லோன் பைன்; அந்த ஊர்க்காரர்களுக்கு நடிகர்களின் முகம் மறந்தாலும் பாறைகளின் முகம் மறக்காது.

இருபது வருடமாக அவள் தேடிய கௌபாய் படம் இணையக் காப்பகத்தில் வேறு ஏதோ பெயரில் கிடந்தது. எழுபத்து நான்கு வயதில் சமையலறையை ஒரு சுற்று ஆடி வந்தாள். பிறகு முதல் வேலையாக மூன்று பிரதி எடுத்து வைத்தாள். இணையத்தில் இன்று இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

அந்தப் படத்தில் அப்பா இருக்கிறார். நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையில் பாய்ந்து விழுவதுதான் அவர் தொழில். ட்விலா பிறந்த வருடமே அப்படி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் புகைப்படம். அவர் அசைந்து அவள் பார்த்ததில்லை.

“அந்தப் படத்துலயே வேகமா ஓட்டுறது உங்கப்பாதான்” என்பாள் அம்மா. மேலே கேட்டால் சிரிப்பாள்.

ரீனோவிலிருந்து அண்ணன் வெர்னும் வீடியோ அழைப்பில் வந்து சேர்ந்துகொண்டான். ஷெரீஃபின் ஆட்கள், கொள்ளைக்காரர்கள், மதுக்கடை வாசலில் சும்மா நின்றவர்கள். நிறுத்தி நிறுத்தி, தொப்பிக்குத் தொப்பி பார்த்தார்கள். முப்பத்தெட்டு குதிரைக்காரர்கள்.

ஒருவர்கூட அப்பா இல்லை.

“விடு ட்விலா. அம்மா நம்மள நல்லா ஏமாத்திட்டா.”

“வாய மூடிக்கிட்டுப் பாரு கிழவா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

கடைசித் துரத்தல். கதாநாயகியின் வண்டி பள்ளத்தை நோக்கித் தறிகெட்டு ஓடுகிறது. அவள் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடும் குதிரையின் முதுகுக்குத் தாவுகிறாள். பின்னால் வந்த அத்தனை ஆண்களும் புழுதியில் காணாமல் போகிறார்கள்.

காற்றில் அவள் தொப்பி பறந்தது. கூடவே சுருள்முடியும் பறந்தது. உள்ளே ஒரு கிராப்புத் தலை. மலிவான படம், யாரும் அந்தக் காட்சியை மறுபடி எடுக்க மெனக்கெடவில்லை.

ட்விலா படத்தை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம்.

கல்யாணப் புகைப்படத்து மூக்கு. அதே தாடை. சிரிப்பு மட்டும் புதிது.

வெர்ன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

“கால பாரு வெர்ன்” என்றாள் ட்விலா, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டே. “அப்படியே உன் வளைஞ்ச காலு.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, காப்பகத்தின் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தாள். படத்தின் சரியான பெயரை எழுதினாள். ஊரை எழுதினாள். நடிகர்களின் வரிசையில் புதிதாக ஒருவரைச் சேர்த்தாள்: லெஸ்டர் ப்ரூயிட்.

என்ன பாத்திரம் என்று கேட்டது கட்டம்.

‘கதாநாயகி’ என்று அடித்தாள்.