வலது கன்னத்து அம்புக்குறி

"நாம காப்பி குடிக்கப் போன நேரத்துல டாக்டர் வந்து தப்பான பக்கம் குறி போட்டுட்டுப் போயிருக்காரு!"

மார்லூஸ் பதறினாள். யோஸ்ட் கையிலிருந்த ரொட்டியைச் சட்டென்று பைக்குள் மறைத்தான். நேற்றிரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கும் மகளின் எதிரில் தின்ன அவனுக்கே கூச்சம்.

குரோனிங்கன் நகரத்து மருத்துவமனைக் கட்டிலில் எட்டு வயது ஃபென்னா படுத்திருந்தாள். கீழ்த்தாடை எலும்புக்குள், முளைக்காத ஒரு பல்லைச் சுற்றி நீர்க்கட்டி. புற்று இல்லை, ஆனாலும் அகற்றியாக வேண்டும். வெளியே வீக்கம் துளியும் தெரியவில்லை. தெரிந்தது, வலது கன்னத்தில் ஊதா நிற அம்புக்குறி மட்டுமே.

"எக்ஸ்ரேயில கட்டி இடது பக்கம்தான் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன், யோஸ்ட்."

"குறி போட்டவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுது? நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

"நல்ல பக்கத்தை வெட்டிட்டா நீ ஒட்ட வைப்பியா?"

"அம்மா, அது வந்து..." என்றாள் ஃபென்னா.

"நீ பேசாம படு, செல்லம்."

நர்ஸ் திர்ஸா கோப்புடன் வந்தாள். "ஃபென்னா, இன்னைக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்?"

"இடது," என்றாள் தாய்.

"வலது," என்றான் தந்தை.

கோப்பிலும் வலது என்றே இருந்தது. ஆயினும் தாயின் உறுதி திர்ஸாவையும் குழப்பியது. எல்லோரும் ஒரே பக்கத்தைச் சொல்லாமல் கட்டிலை அறுவை அரங்குக்கு நகர்த்தக் கூடாது என்பது விதி. அவள் அறுவை மருத்துவர் ஹூக்ஸ்ட்ராவை அழைத்தாள்.

அவர் வந்து எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "இந்தப் படம் உங்க எதிர்ல நிக்கிற ஆள் மாதிரி, மார்லூஸ். இப்ப நான் நிக்கிறேன். என் வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம்?"

மார்லூஸ் அவருடைய கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், முகம் சிவந்தாள். "மன்னிச்சிடுங்க டாக்டர். நீங்க போட்ட குறியையே சந்தேகப்பட்டுட்டேன்."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று யோஸ்ட் ரொட்டியைத் தைரியமாக வெளியே எடுத்தான்.

மருத்துவர் தம் பேனாவின் மூடியைத் திறந்தார். "நான் போட்ட குறியா? இன்னும் போடவே இல்லையே. அதுக்குத்தானே இப்ப வந்தேன்!"

நான்கு பெரியவர்களும் கட்டிலை நோக்கித் திரும்பினார்கள்.

ஃபென்னா போர்வைக்குள்ளிருந்து ஒரு கைக்கண்ணாடியையும் ஊதா ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"டாக்டர் அன்னைக்கு அழுத்திப் பார்த்தப்போ வலிச்சது எனக்குத்தானே? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; நீங்க விட்டாத்தானே!"