கண்ணாடிக் கடையில் திக்கியவள்

"ப... ப... படிக்கிற க... க..."

"கண்ணாடி," என்று முடித்துவைத்தாள் விற்பனைப் பெண். "படிக்கிற கண்ணாடி. உங்களுக்கா, சாருக்கா?"

"சா... சா... சாருக்கு."

கேட்டவளுக்கு நாற்பது வயது இருக்கும். பின்னால் அவள் கணவர், கனத்த மீசையும் அகன்ற தோளுமாக, வாயைத் திறக்காமல் நின்றார்.

விற்பனைப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிரேம்கள் அடுக்கிய தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டீ குடிக்கப் போயிருந்த லென்ஸ் அறுப்பவர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். யார் வந்தாலும் துருவித் துருவிப் பார்ப்பார் என்பதால் கடையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வந்திருப்பவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, இப்படிக் கொஞ்சம் வா."

"கஸ்டமர் நிக்கறாங்கண்ணே."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

தட்டின்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அவள் ஓரமாகப் போனாள்.

"அந்தம்மா திக்கிச்சா?"

"ஆமாண்ணே. பாவம், ரொம்ப."

"பாவமாவது ஒண்ணாவது! இப்பத்தான் செருப்புக் கடை வாசல்ல பார்த்துட்டு வரேன். புருஷன்கிட்ட கடகடன்னு பேசுது. ஒரு எழுத்து தடுக்கலை. என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பயப்படாதீங்க. கண்ணாடிக் கடையிலயும் நான்தான் முதல்ல. அப்புறம் நீங்க.'"

விற்பனைப் பெண் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். போன வாரம் இப்படித்தான் ஒருத்தி விலை கேட்டுப் பேச்சுக் கொடுத்தாள். கூட வந்தவன் தங்க விளிம்புப் பிரேமோடு போய்விட்டான். இன்னொன்று தொலைந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"அங்க பாரு, அந்த ஆள் தொடையைத் தட்டுறான்."

"சைகைங்கிறீங்களா?"

"பின்ன, கச்சேரிக்கா தாளம் போடுறான்?"

மீசைக்காரரின் விரல் ஒரே சீராகத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பார்வை தட்டிலேயே இருந்தது.

அவள் விடுவிடுவென்று திரும்பி வந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏ... ஏ... ஏங்க?"

"போதும்மா நடிப்பு. செருப்புக் கடை வாசல்ல நல்லாத்தானே பேசினீங்க?"

வந்தவளின் முகம் வெளுத்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரை ஏன் பார்க்கறீங்க? உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்கு நிஜமாவே திக்குமா, திக்காதா?"

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி போய் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். "திக்குவாய் போய் இப்ப ஊமையாயிடுச்சு பாரு."

"நாங்க எதையும் எடுக்கலைங்க. வேணும்னா பையைத் திறந்து பாருங்க," என்றாள் அவள். குரலில் ஒரு தடங்கலும் இல்லை.

"அடேயப்பா! ஷட்டரை இறக்கினதும் குணமாயிடுச்சே!"

"எதுக்கு நடிச்சீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள் விற்பனைப் பெண்.

"அது நான் சொல்ற விஷயம் இல்லைங்க."

"அப்படியா? போலீஸ் வந்து கேட்டா சொல்லுவீங்க. அண்ணே, போன் போடுங்க."

"போடுங்க," என்றாள் அவளும். கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி போனைக் கையில் எடுத்தார்.

மீசைக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று விற்பனைப் பெண் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் அடிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சை உள்ளே இழுத்தார். கொஞ்சம் வெளியே விட்டார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இமைகள் துடித்தன, சத்தம் வரவில்லை. காது மடல்வரை சிவந்துபோனார்.

"என்னய்யா, மிரட்டுறியா?" என்றார் பூதக்கண்ணாடி.

மனைவி தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள். குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

அவர் வாயை மூடி, மறுபடி மூச்சு வாங்கி, முதல் எழுத்தை மெல்ல, நீட்டி, தடவிக்கொடுப்பதுபோல் தொடங்கினார்.

"அ...வளுக்குத் திக்காதுங்க. எ... எ... எனக்குத்தான். சி... சிரிக்கறவங்க மு... முதல்ல அவளைப் பார்த்துச் சிரிக்கட்டும்னு க... கடை கடையா முன்னால போறா."