அப்பாவின் வோல்கா

கார்புரேட்டரைக் கழற்றியதும் அதில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் சின்ன ஊசியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் தௌலெத். தேநீர் கொண்டுவந்த மனைவி மென்சுலு அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்லா செய்யுங்க. நாளைக்கு ஊர் சிரிக்க நிக்கணும் உங்க மாமன்!"

அவள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். அந்தப் பழைய வோல்கா கார் தௌலெத்தின் அப்பாவுடையது. அவர் படுக்கையில் விழுந்தபோது, "ஒரு சுத்து சுத்திட்டுத் தர்றேன்" என்று எடுத்துப்போன அம்மாவின் தம்பி ஓராஸ்பெக் திருப்பித் தரவே இல்லை. பாவி மனுஷன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக் கேட்டே அப்பா செத்துப்போனார்.

நாளை ஓராஸ்பெக்கின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து. கரகண்டா நகரத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் வண்டியைக் கிளப்பிக் காட்ட வேண்டும். வண்டியோ காலைக் குளிரில் இருமும், கரும்புகை கக்கும், அப்படியே நின்றுவிடும். மாமா பராமரித்த லட்சணம் அது. அதனால்தான் மெக்கானிக் தௌலெத்திடம் பழுதுபார்க்க விட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். தலையில் நரித்தோல் தொப்பி.

"ஏண்டா, ஒரே திருப்புல கிளம்புமா?"

"கிளம்பும் மாமா. தொப்பி பிரமாதமா இருக்கே!"

"என் தாய்மாமன் தலையில இருந்ததுடா! விருந்துல நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். நம்ம வழக்கத்துல அக்கா மகன் கேட்டா தாய்மாமன் இல்லேன்னு சொல்ல முடியுமா? கிழவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!" வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளைக்கு நீயும் வந்து வண்டிப் பக்கத்துலயே நில்லு. கிளம்பலேன்னா தோலை உரிச்சிடுவேன்."

இத்தனை வருஷத்தில் எந்த விருந்துக்கும் அவனை அழைத்ததில்லை அவர்.

அவர் போனதும் தௌலெத் ஒரு புது ஊசியை எடுத்துப் பொருத்தினான். பழையது தேய்ந்து, பெட்ரோல் நிற்காமல் வழிந்திருந்தது. குளிரில் கிளப்ப உதவும் சோக் முழுசாக மூடும்படி கம்பியைச் சரிசெய்தான். குளிருக்குத் தோதான எண்ணெயை ஊற்றினான்.

மென்சுலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா? பெத்தவரைத் தவிக்கவிட்ட ஆளுக்குப் போய் ஊழியம் பண்றீங்களே!"

அவன் கார்புரேட்டரை மறுபடி வண்டியில் மாட்டினான்.

மறுநாள் காலை, மூச்சு விட்டால் மீசையில் பனி உறைகிற குளிர். குதிரைக்கறித் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு விருந்தாளிகள் முற்றத்தில் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஓராஸ்பெக் சாவியைத் திருகினார்.

ஒரே திருப்பு. இருமல் இல்லை, திணறல் இல்லை. எஞ்சின் சீராக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். மென்சுலு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓராஸ்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கிவந்து தௌலெத்தின் தோளில் கைபோட்டார்.

"பார்த்தீங்களா! இந்த வேலையைப் பார்த்தது யாரு? என் கூடப்பிறந்த அக்கா பெத்த பிள்ளை!"

"நீங்களே சொல்லிட்டீங்க, மாமா." தௌலெத் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான்.

"அக்கா மகன் கேக்கிறேன், இந்த வண்டி எனக்கு வேணும்!"