தொட்டி நிழலில் மட்டும்

"பூவே வைக்காத நாத்தை எங்க தலையில கட்டிட்டு, எந்த மூஞ்சியோட வந்து நிக்கிற?"

வரப்பில் நின்று என் வீட்டுக்காரர் கத்தியது என் தம்பியைப் பார்த்து. சாமந்தி நாற்று அவன் பண்ணையிலிருந்துதான் வந்தது.

தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினான்.

வயலின் அந்தக் கடைசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. வீட்டுப் பக்கத்துப் பாதியில் ஒரு மொட்டுகூட இல்லை. செடி மட்டும் தளதளவென்று வளர்ந்து நின்றது.

இந்தப் பூ கைகொடுத்தால் மில்லில் நைட் ஷிஃப்டை விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். முதல் சாகுபடி. கத்தாமல் என்ன செய்வார்?

காரணம் எனக்குத் தெரியும்.

முற்றத்தில் கம்பம் நட்டு அவ்வளவு பெரிய எல்இடி விளக்கைப் போடச் சொன்னவள் நான்தான். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் வயல் நடுவில் ஒற்றை வீடு, உள்ளே ஒற்றை ஆள். ஈரக்குலை நடுங்கும் எனக்கு. சின்ன பல்பு போதுமே என்றார். நான் விட்டேனா? ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தேன். அன்றிலிருந்து பாதி வயலுக்கு ராத்திரியே கிடையாது.

சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். அப்போதுதான் மொட்டு வைக்கும். நாற்று அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடக் கூடாதென்று தம்பி இப்போது நடத்தும் எங்கள் பிறந்த வீட்டுப் பண்ணையில் ராத்திரி பல்பு எரியவிடுவோம். இருட்டுக்குப் பயந்து அந்தப் பல்புக்கடியிலேயே பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவள் நான். வீடே கேலி செய்யும்.

ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ரோட்டில் எரிகிறது, பெட்ரோல் பங்கில் எரிகிறது, தூரத்துக் குடோனில் விடிய விடிய எரிகிறது. இத்தனைக்கு நடுவில் நம் ஒற்றை விளக்கா கெடுத்துவிடப் போகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சொல்லித் தொலையேன்டி என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் விளக்கைக் கழற்றிவிடுவார். சீ, கூடப் பிறந்தவன் அவமானப்பட்டு நிற்கிறான், எனக்கு விளக்குதான் பெரிதாக இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி அருகே தம்பி நின்றுவிட்டான்.

தொட்டிக்குப் பின்னால், விளக்கின் வெளிச்சம் விழாத அந்த ஒரு கீற்றில் மட்டும், பூக்காத செடிகளுக்கு நடுவே சாமந்தி பூத்துக் குலுங்கியது.

அவன் பூவைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தான்.

கடைசியாக என்னைப் பார்த்தான்.

"நாத்துலதான் கோளாறு மாமா. ரகம் கலந்துபோச்சு. தப்பு என்னுதுதான்."

"இதை ஊரெல்லாம் சொல்லத்தான் போறேன். இனிமே உன்கிட்ட எவன் வாங்குறான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார். சொன்னால் சொன்னதுதான், செய்துவிடுவார். இவர் பேச்சுக்கு இங்கே மரியாதை உண்டு. அந்தப் பண்ணையை விட்டால் தம்பிக்கு வேறு பிழைப்பு இல்லை.

பைக் வரைக்கும் அவன் கூடவே போனேன். விளக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பிய பிறகுதான் திரும்பினான்.

"இப்பவாவது ராத்திரி நல்லாத் தூங்குறியாக்கா?"

"தூங்குறேன்டா" என்றேன்.

நிஜமாகவே நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.