பக்கத்து நாற்காலி

கான்சாஸில் உள்ள அந்த இரண்டாண்டுக் கல்லூரியில், மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உதவுபவள் ஷானன். அவளிடம் வந்து பொரிந்து தள்ளினாள் நடுவயது மாணவி மார்லீன்.

“வரலாறு வகுப்பே வேண்டாம் மேடம். பக்கத்துல உக்கார்ற ஆளு என் பேப்பரையே எட்டிப் பாக்கறான். பாடம் நடக்கறப்ப என் தோள்லயே சாஞ்சு தூங்கறான்!”

“அட அநியாயமே! புகார் குடுங்க.”

“அதெல்லாம் வேண்டாம். அவன் இல்லாத வகுப்பாப் போடுங்க, போதும்.”

“உங்களுது பொதுப் படிப்புதானே? எந்தப் பாடத்துக்குப் பதிலா எதை வேணாலும் எடுத்துக்கலாம்.”

மார்லீன் அன்றே மண்பாண்ட வகுப்புக்கு மாறினாள்.

மறுவாரம் நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். “மார்லீன் எந்த வகுப்புக்குப் போனாளோ, அதுலயே என்னையும் போடுங்க.”

ஷானனுக்குக் கோபம் தலைக்கேறியது. “ஓ, அந்த ஆளு நீங்கதானா? அந்தம்மாவை நிம்மதியா விடமாட்டீங்களா? காவலாளியைக் கூப்பிடவா?”

“இருபத்தாறு வருஷமா அவ பக்கத்துலதான் சாப்பிடறேன், தூங்கறேன். திடீர்னு தனியா உக்காருன்னா பாடம் எப்படி மேடம் ஏறும்? நான் அவ புருஷன் வெர்னன்.”

நம்பாத ஷானன் மார்லீனுக்கே போன் போட்டாள்.

“ஆமா, என் வீட்டுக்காரர்தான். சொன்னா நீங்க சமாதானம் பேச வந்துடுவீங்களேன்னுதான் சொல்லல.”

“இப்ப என்ன செய்யட்டும்?”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. “சேத்துடுங்க மேடம். அவர் இல்லாம எனக்கும் வகுப்புல பொழுதே போகல.”