நாலே மணி நேரம்

"சிங்கப்பூரா! அது எத்தனை மைலுண்ணே?"

முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கருத்தம்மாளின் கை அப்படியே நின்றது.

கல்யாணத் தரகர் கண்ணுச்சாமி அவள் மகள் பொன்னுமணிக்கு ஆறு மாதமாக வரன் பார்க்கிறார். தேவாரத்துப் பையனைக் கருத்தம்மாள் வேண்டாம் என்றாள். சின்னமனூர் பையனையும் வேண்டாம் என்றாள். பையன்களிடம் குறை இல்லையாம். "தூரம் ஒத்து வரலைண்ணே" என்று ஒரே பதில். போடிக்குள்ளேயே தேடி அலுத்துப் போன நேரத்தில்தான் இந்த ஜாதகம் கிடைத்தது. கப்பல் பட்டறையில் வேலை, ஒரே பையன், பீடிகூடக் குடிக்க மாட்டான். விட்டுவிட மனசில்லை.

"மைல்ல கேட்டா எப்படித் தங்கச்சி? மெட்ராசுல பிளேன் ஏறினா நாலே மணி நேரம். இறங்கிரலாம்."

"நாலே மணி நேரமா? நெசமாவா?" கருத்தம்மாளின் முகம் சுருங்கியது.

அவள் நம்பவில்லை என்று நினைத்த கண்ணுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒந்தம்பி ஏலத்தோட்டத்துல இருக்கானே, அவன் வீட்டுக்குப் போறதை எண்ணிப் பாரு. போடிமெட்டுக்குப் பஸ்சுல ஒன்றரை மணி நேரம். அங்கன ஜீப்புக்குக் காத்துக் கெடக்குறது ஒரு மணி. லோடு மூட்டை மேல உக்காந்து போறது ஒரு மணி. அப்புறம் அட்டைக்கடி வாங்கிக்கிட்டு நடக்குறது ஒரு மணி. நாலரை ஆச்சா? ஒந்தம்பி வீட்டை விடச் சிங்கப்பூரு அரை மணி நேரம் கிட்டக்க இருக்கு!"

"எடையில கடலு கெடக்கே மச்சான்?" என்றார் அவள் கணவர் அமாவாசை.

"கெடக்கட்டுமே மாப்ளே. மேல பறக்குறவனுக்குக் கடலென்ன, கம்மாயென்ன?"

"மெட்ராசு போகவே ஒரு ராத்திரி ஆகுமே?"

"ரயில்ல தூங்கிட்டுப் போறதையெல்லாமா கணக்குல சேக்குறது? அதுவும் ஆகாதுன்னா மதுரையிலயே பிளேன் இருக்கு. ஒரு மணி நேரத்துல மெட்ராசு."

கருத்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "பொம்பளைப்பிள்ள தனியா ஏறி வந்திர முடியுமாண்ணே?"

கண்ணுச்சாமிக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. இதுதான் கடைசித் தடை.

"தாராளமா வரலாம்! அங்கன ஏறி உக்காந்தாப் போதும். காப்பி, சோறு எல்லாம் குடுத்துப் பத்திரமாக் கொண்டாந்து விட்டுருவான். நெனைச்சா வரலாம், நெனைச்சாப் போகலாம்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமாவாசை பெருமூச்சு விட்டார்.

"அப்ப இந்த எடம் வேணாண்ணே" என்றாள் கருத்தம்மாள்.

"என்ன தங்கச்சி இது! இம்புட்டுக் கிட்டக்க இருக்குன்னு..."

"அதனாலதேன் வேணாங்கிறேன்." கருத்தம்மாள் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூத்தவள இந்தா பக்கத்துல இருக்குற குரங்கணியில குடுத்துட்டு நாங்க படுற பாடு போதும். குழம்புல உப்பில்லைன்னு புருசன் சொன்னாக்கூடப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்திர்றா. மாசத்துல இருபது நாளு இங்கனதான் கெடக்கா. நாலு மணி நேரம்னா இவளும் வெரசா வந்து நிப்பா."

இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து கேட்டாள்:

"ஏண்ணே, இந்த அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரமாகும்?"